மானியத்தில் ஐந்து நாள் பயிற்சி: வேலையில் இருக்கும் ஆட்களை அனுப்பினால் பலன் இருக்குமா?

கடைசல்பட்டறை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 22 பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை நடத்துகிறேன். உலோக உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் தொழில். ஐந்து சிஎன்சி லேத் (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மிஷின்), இரண்டு ஷிப்ட்.

போன வாரம் ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து வந்து பேசினார்கள். ஐந்து நாள், மொத்தம் 40 மணி நேரம். அளவெடுப்பதும் சிஎன்சி அடிப்படையும் சொல்லித் தருவார்களாம். கட்டணத்தில் பெரும்பகுதி அரசு நிதியிலிருந்து வந்துவிடும், நீங்கள் ஆளை அனுப்பினால் போதும் என்றார்கள்.

என் நிலைமை இதுதான். மிஷினில் நிற்கும் எட்டுப் பேரில் ஆஃப்செட் (டூல் தேய்வுக்கு ஏற்ப மிஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) மாற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்ற ஆறு பேரும் பாகத்தை மாட்டுவார்கள், கதவைச் சாத்துவார்கள், பச்சைப் பட்டனை அழுத்துவார்கள். டூல் தேய்ந்து அளவு ஓட ஆரம்பித்தால் அந்த இருவரில் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அதுவரை மிஷின் சும்மா நிற்கும். சில நாள் நிற்காமல் தப்பான பாகமாகப் போட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி மானியப் பயிற்சிக்கு இரண்டு பேரை மூன்று நாள் அனுப்பினேன். சர்டிபிகேட்டோடு வந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போவதற்கு முன் என்ன செய்தார்களோ அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். இந்த முறை மூன்று பேரை அனுப்பலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஷிப்ட்பொறுப்பாளர்

அந்த இருவரும் திரும்பி வந்த முதல் நாள் அவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?

---

கடைசல்பட்டறை

பழைய வேலையைத்தான். மூன்று நாள் ஆள் இல்லாமல் ஆர்டர் தேங்கிக் கிடந்தது. வந்ததும் வராததுமாக மிஷினில் நிறுத்திவிட்டோம்.

---

ஷிப்ட்பொறுப்பாளர்

அங்கேதான் போயிருக்கிறது. பயிற்சியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள் அண்ணே.

நான் 14 வருடமாக ஷிப்ட் பார்க்கிறேன். பயிற்சிக்குப் போய் வரும் ஆள் முதல் நாள் ஒரு துடிப்போடு வருவார். கற்றதைக் கையால் செய்து பார்க்க ஆசை இருக்கும். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர், “அதையெல்லாம் நீ தொடாதே, கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது” என்பார். ஒரே வாக்கியம். ஐந்து நாள் படிப்பு அதோடு முடிந்தது. அப்புறம் அந்த ஆள் தானாக ஆஃப்செட் பக்கம் கை வைக்கவே மாட்டார்.

மறதியும் சேர்ந்துகொள்ளும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் ஓரிரு நாளிலும்தான் பெரும் சரிவு. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் நிலைத்தது. பட்டறை வேலை அசைகளை மனப்பாடம் செய்வது போல இல்லைதான், ஆனால் போக்கு ஒன்றே. பயிற்சி முடிந்த முதல் வாரத்தில் அந்த வேலையைத் தொடவில்லை என்றால் செலவழித்த ஐந்து நாளும் கரைந்துவிடும்.

ஆகவே ஆளை அனுப்புவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள். எந்த மிஷினில், எந்தப் பாகத்துக்கு, யார் பக்கத்தில் நிற்க, அந்த ஆள் தானே ஆஃப்செட் மாற்றப் போகிறார்? இதற்குப் பதில் இல்லை என்றால் இந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

“நீங்கள் ஆளை அனுப்பினால் போதும்” என்று சொன்னார்களா? அந்தப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். மானியம் எதற்கு, எதற்கு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

பயிற்சிக் கட்டணம் ஒன்று. தேர்வுக் கட்டணம் தனியாக இருக்கலாம். ஆள் வேலையில் இல்லாத நாளுக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளம் வேறு. சில நாடுகளில் அந்தச் சம்பளத்துக்கும் ஒரு பகுதி ஈடு தருகிறார்கள். சிங்கப்பூரில் ‘ஆப்சென்டீ பேரோல்’ என்று மணி நேரக் கணக்கில் முதலாளிக்கு ஒரு தொகை உண்டு. பல இடங்களில் அப்படி எதுவும் கிடையாது. மூன்று பேர், ஐந்து நாள், எட்டு மணி நேரம் என்றால் 120 மணி நேர உழைப்பு உங்கள் பட்டறையை விட்டு வெளியே போகிறது. பட்டறைக்காரருக்கு உண்மையான செலவு அதுதான், கட்டணம் அதற்கு அப்புறம்தான்.

விண்ணப்பிக்கும் காலம் இன்னொரு கண்ணி. அநேகத் திட்டங்களில் வகுப்பு தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும். முடித்துவிட்டுப் பிறகு கேட்டால் கை விரிப்பார்கள். மலேசியாவில் பத்து அல்லது அதற்கு மேல் உள்ளூர்ப் பணியாளர்கள் இருக்கும் முதலாளி, திட்டத்துக்குள் வரும் தொழிலாக இருந்தால், சம்பளத்தில் 1 சதவீதம் லெவி (பயிற்சி நிதிக்கான பங்கு) கட்டுகிறார். ஐந்து முதல் ஒன்பது பேர் என்றால் விருப்பப்பட்டு 0.5 சதவீதத்தில் சேரலாம். கட்டியது அவர் பணமே ஆனாலும், பயிற்சி தொடங்குவதற்கு முன் விண்ணப்பித்தால்தான் அதை எடுக்க முடியும். இது தெரியாமல் வருடா வருடம் கட்டிவிட்டு ஒரு பயிற்சிக்குக்கூட எடுக்காத சிறு முதலாளிகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

காகிதம் அதிகம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 2000இல் ‘தனிநபர் கற்றல் கணக்கு’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். யார் வேண்டுமானாலும் பயிற்சி நிறுவனம் என்று பதிவு செய்துகொள்ளலாம் என்கிற அளவுக்குத் தளர்வாக விட்டார்கள். மோசடி பெருகி 2001 நவம்பரில் மூடவேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 2017இல் ஒரு கும்பல் போலி நிறுவனங்களை வைத்து நடக்காத பயிற்சிகளுக்கு ஏறக்குறைய 4 கோடி சிங்கப்பூர் டாலர் எடுத்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இன்று நீங்களும் நானும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

---

இரவுஷிப்ட்

முதலாளிகள் பக்கம் நிறையப் பேசிவிட்டீர்கள். போய் வந்தவன் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு மானிய வகுப்புக்கு அனுப்பினார்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வெளியே வந்தேன். ஒன்பது மணிக்கு வகுப்பு. நான்கு நாளும் அதே கதை. இரண்டாம் நாள் மதியம் தலை மேஜையில் விழுந்துவிட்டது. பயிற்றுநர் நல்ல மனிதர், எழுப்பவில்லை. நிறுவனத்துக்குப் பதிவேட்டில் ஆள் இருந்தால் சரி, மானியம் வந்துவிடும். எனக்கு என்ன புரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டு வருடம் விலகக் கூடாது, விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தது. பெரும்பகுதியை அரசு கொடுத்த கட்டணம் அது. சர்டிபிகேட்டையும் ஆபீஸிலேயே வைத்துக்கொண்டார்கள்.

நான் விலகினேன். பயிற்சி கொடுத்ததால் விலகவில்லை. பயிற்சிக்குப் பிறகும் என்னை ஆளாக மதிக்காததால் விலகினேன். அனுப்புங்கள் அண்ணே, ஆனால் அந்த வாரம் ஷிப்ட் போடாதீர்கள். சர்டிபிகேட்டை அவர் கையில் கொடுங்கள்.

---

மனிதவளம்

இரவுஷிப்ட் சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. நடப்பதுதான் அது.

“சொல்லிக் கொடுத்தால் போய்விடுவான்” என்ற பயத்துக்குப் பொருளாதாரத்தில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1960களில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று அந்த நிறுவனத்துக்கு மட்டும் உதவுவது. மற்றது எங்கே போனாலும் உதவுவது. மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியைப் படிக்கத் தெரிவது இரண்டாவது வகை, எந்தப் பட்டறையிலும் செல்லும். அதற்கு முதலாளி தன் பணத்தைப் போடத் தயங்குவார், ஏனென்றால் பலனைப் பக்கத்துப் பட்டறை கொண்டுபோகலாம். தொழிலாளியிடமோ பணம் இல்லை. இருவரும் கை கட்டி நின்றால் யாரும் எதையும் கற்கப் போவதில்லை. பொதுப் பணம் உள்ளே வருவதற்கு வலுவான நியாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இங்கிலாந்தில் 2006இல் ‘ட்ரெய்ன் டு கெயின்’ என்று முதலாளிகளுக்கான பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2009இல் அவர்களுடைய தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, மானியம் இல்லாவிட்டாலும் இதே மாதிரிப் பயிற்சியைக் கொடுத்திருப்போம் என்ற நிலையில் ஏறக்குறையப் பாதி முதலாளிகள் இருந்தார்கள். பெரிய நிறுவனத்தில் படிவம் நிரப்பத் தனி ஆள் இருப்பார். 22 பேர் பட்டறையில் முதலாளியே இரவு உட்கார்ந்து நிரப்ப வேண்டும். திட்டம் யாருக்காக வந்ததோ அவர்தான் கடைசியில் நிற்கிறார். அதனால் கடைசல்பட்டறை மாதிரி ஆட்கள் சலித்துப்போய் விலகிவிடக் கூடாது என்று சொல்வேன்.

---

பழையதச்சன்

எதற்கு இந்தப் பாடு? தெரிந்த அந்த இரண்டு பேரை வைத்தே மற்ற ஆறு பேருக்கும் சொல்லிக் கொடுக்கலாமே. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் டிடபிள்யூஐ (‘ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’, அதாவது தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி) என்று செய்தார்கள். தொழிற்சாலையில் இதற்கு முன் கால் வைக்காத லட்சக்கணக்கானவர்களை வேலைக்கு எடுத்த சமயம். அனுபவசாலிகளுக்குப் “பிறருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது” என்று மட்டும் பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணியாக ஐந்து அமர்வில் கற்றுக்கொடுத்தார்கள். ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யச் சொல்லிப் பார், பிறகு தொடர்ந்து கவனி. நாலே படி. 1940 முதல் 1945 வரை 16,000க்கும் மேற்பட்ட ஆலைகள், 16 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். போருக்குப் பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது, டொயோட்டாவில் வேரூன்றியது.

வெளியே அனுப்பாமல் உள்ளேயே செய்யுங்கள்.

---

பயிற்றுநர்

நான் இந்த மாதிரி மானிய வகுப்புகள் எடுப்பவன். பழையதச்சன் ஐயா சொன்ன நாலு படியை நானும் மனதில் வைத்துத்தான் வகுப்பு எடுக்கிறேன். உள்ளே சொல்லிக் கொடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. தெரிந்தவரிடம் இருக்கும் தப்பும் அப்படியே கைமாறும்.

ஒரு காட்சி சொல்கிறேன். மைக்ரோமீட்டரின் உருளையில் ஐம்பது பிரிவு இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும், ஒரு பிரிவு 0.01. தண்டில் மேலே முழு மில்லிமீட்டர் கோடு, கீழே அரைக் கோடு. உருளை 48இல் நிற்கிறது என்று வையுங்கள். 12ஆம் கோடு நன்றாகத் தெரிகிறது. அரைக் கோடும் உருளையின் விளிம்பில் மெல்லிசாக எட்டிப் பார்க்கும், இன்னும் தாண்டியிருக்காது. சரியான அளவு 12.48. கோடு தெரிகிறதே என்று அரையையும் கூட்டினால் 12.98. முழுசாக அரை மில்லிமீட்டர் பிசகு.

பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர் வகுப்பில் எல்லோர் முன்பும் 12.98 என்று படித்தார். “உருளை பூஜ்யத்தைத் தாண்டிவிட்டதா ஐயா?” என்று மட்டும் கேட்டேன். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “இதனால்தான் சில நாள் என் பாகம் மட்டும் திரும்பி வந்ததா” என்றார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படியேதான் படிப்பாராம். வெளி வகுப்புக்கு இருக்கும் மதிப்பு இதுதான். பட்டறைக்குள் யாருக்கும் உறைக்காத பழக்கம் வெளியே வந்தால் உறைக்கும்.

கடைசல்பட்டறைக்கு என் யோசனை: சேர்க்கும் முன் பயிற்சி நிலையத்தாரைப் பட்டறைக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். உங்களிடம் திரும்பி வந்த பாகம் நாலைந்து, அதன் வரைபடம், உங்கள் மிஷின் கன்ட்ரோலரின் மாடல், மூன்றையும் கையில் கொடுங்கள். “இந்தப் பாகத்தை வைத்து வகுப்பு எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். எடுக்கிறேன் என்பவரிடம் அனுப்புங்கள். பாடத்திட்டத்தைத் தொடக் கூடாது என்று சொல்பவரிடமும் அந்தப் பாகத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள இடம் இருக்கும், மனம்தான் வேண்டும்.

---

கடைசல்பட்டறை

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியதற்கு நன்றி. பயிற்றுநர் சார், நேற்று எங்கள் ஆட்களிடம் 12.48 சோதனையை வைத்துப் பார்த்தேன். எட்டுப் பேரில் மூன்று பேர் 12.98 என்றார்கள். அதில் ஒருவர் ஆஃப்செட் மாற்றத் தெரிந்தவர். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இன்னொரு கவலை. நான் அனுப்ப நினைக்கும் மூவரில் ஒருவருக்கு 51 வயது. கை சுத்தம், வேலையில் பிசகே வராது. ஆனால் வகுப்பு என்றதும், “சின்னப் பசங்களை அனுப்புங்க முதலாளி, எனக்கெதுக்கு” என்கிறார். கட்டாயப்படுத்தவா?

---

பயிற்றுநர்

கட்டாயம் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். பள்ளியை விட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆனவருக்குப் பெஞ்சில் உட்காருவதே பயம். அதை வாய் திறந்து சொல்ல மாட்டார். என் அனுபவத்தில் பயம் மூன்று இடத்தில் இருக்கும்: எழுத்துத் தேர்வு, வகுப்பு நடக்கும் மொழி, கண்ணாடி. மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிபவரிடம் அரைக் கோட்டைப் பார் என்றால் எதைப் பார்ப்பார்? முதலில் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். தேர்வு செய்முறையா, எழுத்தா, எந்த மொழியில் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லிவிடுங்கள். வகுப்புக்கு முந்தைய வாரமே கருவியைக் கையில் கொடுங்கள். அந்த ஐந்து நாளில் தனியாக விடாமல் பட்டறையிலிருந்து இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

---

மனிதவளம்

வேலை ஏற்கெனவே தெரிந்து, தாள் மட்டும் இல்லாதவருக்கு முழுப் பயிற்சி தேவையில்லை என்பதையும் யோசியுங்கள். முன்கற்றலை அங்கீகரிப்பது என்று பல நாடுகளில் ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் 2015இல் வந்த பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்திலும் அது உண்டு. இருக்கும் திறனை மதிப்பிட்டு, விட்டுப்போனதை மட்டும் சொல்லிக் கொடுத்துச் சான்று தருவார்கள். வேலையை விட்டு வெளியே இருக்கும் நாளும் குறையும்.

---

கடைசல்பட்டறை (ஏழு வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேரை அனுப்பினேன். மூன்று பேர் போனால் இரண்டாவது ஷிப்ட் நின்றுவிடும் என்று கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கைப் போட்டதும் தெரிந்தது. அந்த வாரம் இருவருக்கும் ஷிப்ட் கிடையாது, முழுச் சம்பளம். 51 வயதுக்காரரும் போனார். கண்ணாடி போட்டதும் மனிதர் மாறிவிட்டார்.

பயிற்சி நிலையத்தார் முதலில் தயங்கினார்கள், பிறகு எங்கள் பாகத்தையே நான்காம் நாள் செய்முறைக்கு எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்த முதல் நாள் மூன்றாம் நம்பர் மிஷினை அவர்களுக்கென்றே ஒதுக்கி, அவசரம் இல்லாத ஆர்டரைப் போட்டேன். விட்டம் 0.04 கூட வந்தது. பெரியவர் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து மைனஸ் 0.04 அடித்துவிட்டு ‘இன்புட்’ மேல் விரலை வைத்தார். நின்றார். விரலை எடுத்து ‘பிளஸ் இன்புட்’டை அழுத்தினார். முதலாவதை அழுத்தியிருந்தால் காலையிலிருந்து சேர்ந்த திருத்தம் அழிந்து 0.04 மட்டும் நின்றிருக்கும். அடுத்த பாகம் அளவுக்குள் வந்தது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல் தோளில் தட்டினார். அவரிடம் “தொடாதே என்று சொல்லக் கூடாது” என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகப் போகவில்லை. இரண்டாவது வாரம் அவசர ஆர்டர் வந்து, இளைஞரைப் பழைய மிஷினுக்கு மாற்றினோம். பன்னிரண்டு நாள் அவர் ஆஃப்செட்டைத் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது தடுமாறினார், குறியை மாற்றிப் போட்டு இரண்டு பாகம் போயிற்று. ஷிப்ட்பொறுப்பாளர் எச்சரித்தும் நான் செய்த தவறு, அவர் மேல் குற்றமில்லை. இப்போது தினமும் அரை மணி நேரமாவது மூன்றாம் நம்பரில் நிற்கிறார்.

இரவுஷிப்ட் தம்பி, சர்டிபிகேட் இருவர் கையிலும் கொடுத்தாயிற்று. பாண்ட் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. ஆஃப்செட் பொறுப்புக்கு மாதச் சம்பளத்தில் சிறு உயர்வும் போட்டிருக்கிறேன்.

சூப்பர்வைசர் தானும் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அடுத்த தொகுதி தொடங்க 24 நாள் இருக்கிறது, அவருக்கும் இன்னொருவருக்கும் விண்ணப்பம் நேற்றே போட்டுவிட்டேன். பழையதச்சன் ஐயா, அந்த நாலு படியைப் பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் நேரம் ஒதுக்க முடியுமா? மற்ற நான்கு பேருக்கும் அவரே சொல்லித் தருகிறேன் என்கிறார்.

---

பழையதச்சன்

ஒரு நாள் போதாது. இரண்டிரண்டு மணியாக ஐந்து நாள் வேண்டும். தனிச் செய்தியில் நேரம் சொல்லுங்கள், வீடியோவில் வருகிறேன். அவர் மூன்றாம் நம்பர் மிஷின் பக்கத்திலேயே நிற்கட்டும்.